படித்துக்கொண்டே ஓடுவது: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வருட முடிவில் பல்கலைக்கழக அணிகளின் பதக்கப் படங்கள் வரிசையாக வெளிவரும். அதற்கு அடுத்த கிழமையே எனக்கு அழைப்புகள் தொடங்கிவிடும். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் 400 மீட்டர் ஓடியவள். இப்போது ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன், பின்னேரங்களில் மைதானத்தில் நிற்கிறேன். கேட்பவர்களில் முதலாம் வருடப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாமாரும்தான் அதிகம். ஏ.எல். முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களும் கேட்பதுண்டு. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதினேன். இது உத்தியோகபூர்வ அறிவித்தல் அல்ல. விதிகளில் ஐயம் வந்தால் உடற்கல்வி அலகிலும் உங்கள் பீட அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் எத்தனை பதக்கம் என்பதை வைத்து ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டை மதிப்பிடலாமா?

அரைவாசிதான் மதிப்பிடலாம். ஒரு கெட்டிக்கார ஓட்டக்காரி 100, 200, அஞ்சலோட்டம் என்று ஒரே நாளில் மூன்று தங்கம் எடுத்துவிடுவாள். வலைப்பந்தாட்ட அணியில் 12 பிள்ளைகள் வருடம் முழுக்க விடிய எழும்பிப் பயிற்சி செய்து வென்றாலும் பட்டியலில் ஏறுவது ஒரே ஒரு தங்கம். ஆகவே எண்ணிக்கையைப் பார்க்கும்போது எந்த விளையாட்டில் வந்தது, எத்தனை பேர் உழைத்து வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நேரங்களையும் கவனமாக வாசிக்க வேண்டும். நிறுத்தற் கடிகாரத்தைக் கையால் அழுத்தி எடுத்த நேரம் எப்போதும் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருக்கும். அதை மின்னியல் நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 செக்கனும் 400 மீட்டருக்கு 0.14 செக்கனும் கூட்டுவது வழமை. தம்பி ஒருவன் 10.9 ஓடிவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு வந்தால், கொழும்பில் மின்னியல் கடிகாரத்துக்கு முன்னால் அது 11.1 ஐத் தாண்டிவிடும் என்று நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். அங்கே போய் மனம் உடைவதைவிட இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது காற்று. சோளகம் அடிக்கிற மாதங்களில் எங்கள் திறந்த மைதானங்களில் காற்றை முதுகில் வாங்கி ஓடினால் யாரும் புலிதான். குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் பாய்தல், முப்பாய்ச்சலிலும் பின்காற்று செக்கனுக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்தப் பெறுபேறு சாதனையாக ஏற்கப்படாது. பெற்ற இடம் மட்டும் செல்லும்.

நான் பட்டியலில் தேடுவது வேறொன்று. முந்திய வருடப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, இரண்டாம் வருடத்தில் இருந்த பெயர்கள் மூன்றாம் வருடத்திலும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். காணாமற்போன பெயர்களில் திறமை குறைந்து போனவர்கள் மிகச் சிலர். மற்றவர்களை வரவுப் பதிவேடு, பஸ் காசு, சாப்பாடு, வீட்டுச் சண்டை இவற்றில் ஏதாவது ஒன்று விழுங்கியிருக்கும். கீழே வரும் பதில்கள் அனேகமாக அவை பற்றியவைதான்.

பல்கலைக்கழகத்தில் என்னென்ன போட்டிகள் இருக்கின்றன?

முதலில் பீடங்களுக்கிடையிலான போட்டிகள். புதியவர்கள் வெளியே தெரிவது இதில்தான். அதற்கு மேலே மற்றப் பல்கலைக்கழகங்களோடு மோதும் போட்டிகள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை இலங்கைப் பல்கலைக்கழக விளையாட்டு விழா வரும், எல்லோரும் கண் வைத்திருப்பது அதற்குத்தான். நான்கு வருடப் படிப்பில் அது உங்களுக்கு ஒருமுறை வரலாம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு முறை. எந்த வருடத்தில் வருகிறது என்பதை நுழைந்தவுடனேயே விசாரித்து வையுங்கள். இறுதி வருட ஆய்வும் விளையாட்டு விழாவும் ஒரே மாதத்தில் வந்து நின்றால் அழுகைதான் வரும்.

பாடசாலையில் தேசிய மட்டத்தில் பதக்கம் எடுத்தவன். இசட் புள்ளி (ஏ.எல். பெறுபேற்றிலிருந்து கணிக்கும் அனுமதிப் புள்ளி) கொஞ்சம் குறைவு. விளையாட்டால் உள்ளே வரலாமா?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில், படிப்புக்கு வெளியே சிறந்து விளங்கியவர்களுக்கென ஒரு விசேட ஏற்பாடு இருக்கிறது. இடங்கள் மிகக் குறைவு. ஏ.எல். பரீட்சையில் தேவையான சித்தி இருக்க வேண்டும். சான்றிதழ்கள் தேசிய, சர்வதேச மட்டத்தவையாக இருக்க வேண்டும். வலய மட்டச் சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாக இணைப்பதில் பயனில்லை. அந்த வருடக் கைந்நூலை நீங்களே வாசியுங்கள், ரியூட்டரி வாசலில் கேட்ட கதையை நம்ப வேண்டாம்.

பாடசாலையில் ஒன்றுமே விளையாடாதவள் நான். இப்போது தொடங்கினால் சிரிக்க மாட்டார்களா?

முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் கிழமை பெயர் கேட்பார்கள், அவ்வளவுதான். உதைபந்தாட்டம், துடுப்பாட்டம் போன்றவற்றில் பாடசாலையிலிருந்தே வந்தவர்களோடு மோதுவது கடினம் என்பது உண்மை. ஆனால் பழு தூக்கல், எல்லே, கராத்தே, கரம் போன்றவற்றில் பல்கலைக்கழகத்துக்கு வந்து தொடங்கியவர்கள் நிறையப் பேர். சின்ன வயதில் ஒழுங்கையில் கிளித்தட்டு விளையாடி யாரிடமும் பிடிபடாமல் ஓடியிருந்தால் உங்களிடம் ஏற்கனவே பாதிச் சாமான் இருக்கிறது.

என்னுடைய பீடம் கிளிநொச்சியில். அணி பயிற்சி செய்வது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பிரதான வளாகத்தில். இது நடக்கிற காரியமா?

இதுதான் யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில். சித்த மருத்துவம் கைதடியில், இராமநாதன் நுண்கலை மருதனார்மடத்தில். கைதடியும் மருதனார்மடமும் சைக்கிள் தூரம். கிளிநொச்சியோ ஏ9 வீதியால் 60 கிலோமீட்டருக்கு மேல். பின்னேரம் விரிவுரை முடித்து பஸ் பிடித்து வந்தால் இங்கே இருட்டிவிடும்.

நடைமுறையில் சரிவருகிற வழி ஒன்றுதான். கிழமை நாட்களில் அங்கேயே நான்கைந்து பேர் சேர்ந்து, பயிற்றுநர் எழுதித் தரும் அட்டவணைப்படி ஓடுங்கள், கிழமை முடிவில் அணியோடு சேருங்கள். தனியாக ஓட வேண்டாம். தனியாக ஓடுபவர் மூன்றாம் கிழமை நித்திரையைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் கோல் மாற்றம் பழக வேண்டிய அஞ்சலோட்டக்காரருக்கு இது போதாது. 4×100 இல் கோலை மாற்றுவதற்கு 30 மீட்டர் வலயம் இருக்கிறது. அதற்குள் இரண்டு பேருடைய வேகமும் ஒத்துப்போக வேண்டும், அது கடிதத்தில் எழுதிப் பழகுகிற விஷயம் இல்லை. அப்படியான பிள்ளைகள் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சனி, ஞாயிறு இரண்டு நாளும் இங்கே தங்க ஒழுங்கு செய்து தரும்படி முன்கூட்டியே கேட்க வேண்டும்.

80 வீத வரவும் போட்டியும் மோதினால் என்ன செய்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஆகவே கணக்கோடு சொல்கிறேன். பெரும்பாலான பாடங்களில் பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். 15 கிழமை கொண்ட ஒரு செமஸ்ரரில் கிழமைக்கு இரண்டு விரிவுரை என்றால் மொத்தம் 30. நீங்கள் தவறவிடக்கூடியது 6. ஒரு போட்டிக்குப் போய்வர ஐந்து நாள் என்றால் அந்தப் பாடத்தில் இரண்டு விரிவுரை போய்விடும். பயிற்சி முகாம் ஒன்று வந்தால் இன்னும் இரண்டு. மிச்சம் இரண்டுதான். அந்த இரண்டையும் காய்ச்சலுக்கும் வீட்டுக் கலியாணத்துக்கும் வைத்திருங்கள். பயிற்சிக் களைப்பு என்று சொல்லிப் படுத்துக் கிடந்து கரைத்தால் பிறகு யாரையும் நோக முடியாது.

கடிதம் போட்டிக்கு முன்னால் போக வேண்டும். உடற்கல்வி அலகின் கடிதத்தோடு பீடாதிபதி அலுவலகத்துக்கும் அந்தந்த விரிவுரையாளருக்கும் நீங்களே போய்க் காட்டுங்கள். "சேர், அடுத்த கிழமை நான் இல்லை, எதை வாசிக்க வேண்டும்?" என்று நேரில் கேட்கும் பிள்ளையோடு கோபிக்கும் விரிவுரையாளரை நான் அனேகமாகக் கண்டதில்லை. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து பிறகு கடிதம் நீட்டும் பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும்.

விரிவுரைக் குறிப்பைச் சிநேகிதியிடம் வாங்கலாம், ஆய்வுகூடச் செய்முறையை வாங்க முடியாது. இரண்டாம் வருடத்தில் நான் இதை விளங்காமல், ஒரு செய்முறை வகுப்புத்தானே என்று ஓடப் போய்விட்டேன். அதை ஈடுசெய்ய அடுத்த வருடப் பிள்ளைகளோடு வாங்கில் இருக்க வேண்டி வந்தது. அந்தப் போட்டியில் நான் ஐந்தாம் இடம், அது வேறு கதை. பரீட்சையே போட்டி நாளில் வந்தால் மாற்றுத் திகதி கிடைக்குமா, அதை முதல் தோற்றலாகக் கணிப்பார்களா என்பது உங்கள் பீட விதியைப் பொறுத்தது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மருத்துவமோ பொறியியலோ கிடைத்த பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?

இதைக் கேட்கும் அப்பாமாருக்கு நான் ஒரு பெயர் சொல்வேன். யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கும் 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்கும் போனவர். 1958 இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீட்டர் உயரம் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளி. இதற்கிடையில் லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்தார். பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாய்ந்ததால் படிப்புக் கெட்டதாகத் தெரியவில்லை.

எல்லோரும் எதிர்வீரசிங்கம் ஆக முடியாது என்று அப்பா சொல்வார். ஓம், முடியாதுதான். ஆனால் விடிய 5.30 க்கு மைதானத்தில் நிற்க வேண்டிய பிள்ளை இரவு ஒரு மணி வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருக்காது. அந்த ஒரு இலாபத்தையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

காசு எவ்வளவு போகும்?

சீருடை, அணிக்கான உபகரணம், போட்டிக்கான பயணம் என்பவை பொதுவாக அணிப் பொறுப்பு. உங்கள் தலையில் விழுவது சப்பாத்து, தினசரிப் பஸ், மேலதிகச் சாப்பாடு. மகாபொல புலமைப்பரிசில் 2025 இல் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகியது. மாணவர் உதவிப்பணம் 4,000 இலிருந்து 6,500. நல்ல ஓட்டச் சப்பாத்து ஒன்று பல மாத மகாபொலவை விழுங்கிவிடும். ஆகவே முதல் வருடத்தில் விலையுயர்ந்த ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி உள்ள ஓட்டச் சப்பாத்து) வாங்க வேண்டாம். காலுக்குப் பொருந்துகிற சாதாரண ஓட்டச் சப்பாத்து ஒன்று முதலில். ஸ்பைக்ஸை விலகிப்போகும் சிரேஷ்ட மாணவரிடம் பாதி விலைக்கு வாங்கலாம், பலர் சும்மாவே தருவார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன், பெருவிரலில் பஞ்சு வைத்து.

ஆணி விஷயத்தில் மட்டும் கவனம். புல்லிலும் மண்ணிலும் பழகியவர்கள் நீள ஆணியோடு கொழும்பு சுகததாச அரங்குக்கோ தியகமவுக்கோ போனால் செயற்கைத் தடத்தில் ஓட விடமாட்டார்கள். அங்கே ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, உயரம் பாய்தலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் 12. குட்டை ஆணி ஒரு பெட்டியும் திருகியும் பையில் எப்போதும் இருக்கட்டும். போட்டி காலையில் வாசலில் நின்று ஆணி கடன் கேட்ட பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

கோலூன்றிப் பாய்தலில் யாழ்ப்பாணப் பிள்ளைகள் கெட்டிக்காரராமே, அதில் சேரலாமா?

கெட்டிக்காரர்தான். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப முறியடித்தவர். சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் அருந்தவராசா புவிதரன் 5 மீட்டருக்கு மேல் பாய்ந்து ஆண்கள் சாதனையை எடுத்தவர். மெத்தை, கோல், பயிற்றுநர் மூன்றும் ஒரு பாடசாலையில் ஒருமுறை அமைந்துவிட்டால் தலைமுறை தலைமுறையாகப் பாய்பவர்கள் வருவார்கள் என்பதற்கு இவை சாட்சி.

ஆனால் இதைப் போல உபகரணத்தில் தங்கியிருக்கும் போட்டி வேறு இல்லை. ஒவ்வொரு கோலிலும் எத்தனை கிலோ நிறையுள்ளவருக்கு என்று எழுதியிருக்கும். 60 கிலோப் பிள்ளை 50 கிலோக் கோலில் பாய்ந்தால் கோல் முறியலாம். 75 கிலோக் கோலை எடுத்தால் அது வளையாது, பிள்ளையைத் திருப்பித் தள்ளிவிடும். வேகம் கூடக் கூட விறைப்பான கோல் வேண்டும். அதாவது நீங்கள் முன்னேறினால் பழைய கோல் உதவாது! ஒருவருக்கே மூன்று நான்கு கோல் தேவைப்படும் இந்தப் போட்டியில், முழு அணியும் இரண்டு கோலில் பழகினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அனுசரணை செய்ய விரும்பும் பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து என்னிடம் கேட்டால், கேடயம் வேண்டாம், கோல் வாங்கித் தாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் பயணம். 4 மீட்டர் கோலைப் பஸ்ஸுக்குள் வைக்க முடியாது. பழைய சாரத்தால் சுற்றி, பஸ் கூரையில் மூன்று இடத்தில் கட்டி, கொழும்பு வரை கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டும். தேநீருக்கு நிற்கும் இடமெல்லாம் ஒருவர் இறங்கிக் கயிற்றைப் பார்ப்பார்.

விடுதிச் சாப்பாட்டில் பயிற்சி செய்ய முடியுமா?

சோறும் பருப்பும் ஓடுவதற்கு வேண்டிய மாச்சத்தைத் தந்துவிடும். குறைவது புரதமும் இரும்பும். கடினமாகப் பயிற்சி செய்பவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ என்றால் குறைந்தது 84 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் அளவுதான். முட்டையை மட்டும் நம்பினால் பதினான்கு சாப்பிட வேண்டும்! ஆகவே கடலை, பயறு, நெத்தலி, சின்ன மீன், தயிர், சோயா என்று மூன்று வேளையும் பிரித்துச் சேர்க்க வேண்டும். புரத மா டப்பா வாங்கும் காசில் ஒரு மாதத்துக்கு மீன் வாங்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து முக்கியம். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது, நேரம் கூடிக்கொண்டே போகிறது என்றால் சோம்பல் என்று திட்ட வேண்டாம், ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அது தடைப்படும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்வது வீண் என்று தெரியும், என்றாலும் சொல்லிவிட்டேன்.

வீட்டிலிருந்து ஏதாவது கொடுத்துவிடலாமா என்று கேட்கும் அம்மாமாருக்கு: எள்ளுருண்டையும் பயற்றம் உருண்டையும். உளுத்தம்மாவை நல்லெண்ணெயும் பனங்கட்டியும் போட்டுக் களி கிண்டுவது, பெரியபிள்ளையான காலத்தில் கொடுத்ததோடு ஏன் நிற்க வேண்டும்?

கந்தசஷ்டி விரதத்தில் பயிற்சி செய்யலாமா?

ஒரு வேளை சாப்பிட்டு விரதம் பிடிப்பவர்கள் அந்த ஆறு நாளும் இலேசான ஓட்டமும் உடல் நீட்டும் பயிற்சியும் செய்யலாம். வேக ஓட்டமும் பழுவும் வேண்டாம். தண்ணீரும் குடிக்காத விரதமென்றால் முழு ஓய்வுதான். நோன்பு பிடிக்கும் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு திறந்த பிறகு பயிற்சிக்கு வருகிறார்கள், பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொன்னால் நேரம் மாற்றித் தருவார்கள்.

வெயிலில் மயங்கி விழுந்தால்?

குளிரான அறையிலும் விரிவுரை மண்டபத்திலும் இருந்துவிட்டு நேரே மே மாத வெயிலுக்கு இறங்கக் கூடாது. உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். முதல் கிழமை அரைவாசிப் பயிற்சி போதும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். உடல் நிறையில் 2 வீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் குடித்தது காணாது. தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்தது கடைப் போத்தலைவிடக் குறைந்ததல்ல.

ஓடிக்கொண்டிருந்த ஒருவர் சம்பந்தமில்லாமல் கதைத்தாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ காத்திருக்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், ஈரத் துணி போட்டு விசிறுங்கள், 1990 க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

பயிற்சி முடிய இருட்டிவிடுகிறது. மகளை எப்படி நம்பி அனுப்புவது?

மகளில் நம்பிக்கை இருக்கிறது, ஒழுங்கையில்தான் இல்லை என்று ஒரு அம்மா சொன்னார். நியாயம். கேட்க வேண்டியவை இவை: பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது, விடுதிக்கு எல்லோரும் சேர்ந்து போகிறார்களா, வெளியூர்ப் போட்டிக்குப் பொறுப்பாகப் பெண் ஒருவர் கூடப் போகிறாரா, தங்கும் இடம் எது. இவற்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் பின்னேரத்தில் வீதிகள் மாறிவிடும், அந்த நாட்களில் விடியப் பயிற்சிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்று கூச்சத்தோடு கேட்பார்கள். ஓடலாம். வலி கடுமையாக இருந்தால் அன்றைக்கு ஓய்வு. ஆனால் பயிற்சி கூடிய பிறகு மூன்று மாதமாக வரவே இல்லை என்றால் "தொல்லை விட்டது" என்று சந்தோஷப்பட வேண்டாம். சாப்பாடு பயிற்சிக்குக் காணவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பு பலவீனமாகும். மருத்துவரிடம் போக வேண்டும்.

வெயிலில் கறுத்துப் போவாள் என்ற கவலைக்கு என்னிடம் மருந்தில்லை. "இவ்வளவு உயரமாக வளர்கிறாளே" என்று கவலைப்படும் வீட்டுக்கு மட்டும் ஒரு பதில் உண்டு. புன்னாலைக்கட்டுவனுக்குப் பக்கத்தில் ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீட்டர். 2018 இல் இலங்கை வலைப்பந்தாட்ட அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது பந்தெல்லாம் அவருடைய கையைத் தேடித்தான் போனது.

எனக்குச் சிங்களம் தெரியாது. வெளியூரில் சமாளிக்கலாமா?

போட்டிக்கு அழைக்கும் அறிவிப்பு சிங்களத்தில் மட்டும் ஒலித்து, விளங்காமல் போட்டியைத் தவறவிட்டவர்கள் உண்டு. உங்கள் இலக்கத்தையும் போட்டியின் பெயரையும் சிங்களத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டுப் பாடமாக்குங்கள், அது போதும். பல்கலைக்கழகத்திலேயே சிங்கள மாணவர்கள் படிக்கிறார்கள், அணியிலும் இருப்பார்கள். ஒரு பருவம் சேர்ந்து ஓடினால் நீங்கள் அவர்களிடம் எண்களைப் பழகுவீர்கள், அவர்கள் உங்களிடம் "ஓமோம்" பழகுவார்கள்.

பின்தொடைத் தசை பிடித்துவிட்டது. எண்ணெய் போட்டு உருவலாமா?

முதல் இரண்டு நாளும் உருவக் கூடாது, சூடும் வைக்கக் கூடாது. உள்ளே இரத்தம் கசிவது கூடும். பயிற்சியை நிறுத்தி, இறுக்கமாகத் துணி சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். எலும்பில் அடி என்றால் முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். படத்தோடு போனால் அவருக்கும் வசதிதான்.

திரும்பி வருவதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். நடக்க நோகவில்லை என்றவுடன் முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பது. முதல் மெதுவோட்டம், பிறகு அரை வேகம், பிறகு முக்கால். ஒவ்வொன்றும் நோவில்லாமல் பல நாள். ஒருமுறை கிழிந்த தசை மறுபடி கிழிவது இலேசு.

தடிமன் குளிசையால் ஊக்கமருந்துப் பிரச்சினை வருமா?

வரலாம். 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கையில் ஊக்கமருந்து எதிர்ப்பு முகவர் நிலையம் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் உலகப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 ஆம் திகதியும் புதுப்பிக்கப்படும். மூக்கடைப்புக்கான சில குளிசைகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் போட்டி நாளில் அளவுக்கு மேல் உடலில் இருந்தால் குற்றம். ஒவ்வாமைக்கும் முட்டுக்கும் இங்கே இலேசாக எழுதிக் கொடுக்கும் பிரட்னிசொலோன் குளிசையும் போட்டிக் காலத்தில் தடை.

ஆஸ்துமாக்காரர் பயப்பட வேண்டாம். சல்பியூட்டமோல் இன்ஹேலர் 24 மணித்தியாலத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணித்தியாலத்திலும் 600 க்கு மேற்படாமல் எடுக்கலாம். டெர்பியூட்டலின் இன்ஹேலர் என்றால் மருத்துவ விலக்கு முன்கூட்டியே வாங்க வேண்டும். மருந்து எழுதும் வைத்தியரிடம் "நான் போட்டியில் ஓடுபவன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஜிம்மில் யாரோ அண்ணை கையில் தரும் பெயரில்லாத மாவை வாயில் வைக்காதீர்கள்.

வர்ண விருது என்றால் என்ன?

விளையாட்டில் குறிப்பிட்ட தரத்தை எட்டியவர்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் கௌரவம். மேலங்கி அணிந்து படம் எடுக்கலாம். நேர்முகப் பரீட்சையில் காட்டலாம். வீட்டில் அம்மாதான் கண்ணாடி போட்டு மாட்டுவார்.

பட்டத்துக்குப் பிறகு விளையாட்டால் வேலை கிடைக்குமா?

விளையாட்டு மட்டும் கொண்டு என்றால் சிலருக்குத்தான். முப்படைகளும் பொலிஸும் வீரர்களைச் சேர்க்கின்றன, சில வங்கிகளும் நிறுவனங்களும் தங்கள் அணிகளுக்காக எடுக்கின்றன. உடற்கல்வியையே தொழிலாக்க விரும்புபவர்களுக்குச் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம், உடற்கல்விப் பட்டங்கள் இருக்கின்றன. இது பட்டம் தொடங்கும் முன் யோசிக்க வேண்டியது. இடையில் நடுவர் பரீட்சைகளை எழுதி வையுங்கள். ஓட முடியாத வயதிலும் மைதானத்தில் நிற்க அது வழி தரும், கிழமை முடிவில் கொஞ்சக் காசும் வரும்.

தெரிவில் பெயர் வரவில்லை. விட்டுவிடலாமா?

ஒரு கிழமை ஒன்றும் முடிவெடுக்காதீர்கள். பிறகு பயிற்றுநரிடம் போய் எந்த இலக்கத்தால் தவறினேன் என்று கேளுங்கள். நேரமா, தூரமா, வரவா? இலக்கம் சொன்னால் அதை வைத்து வேலை செய்யலாம். நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல், யாரோடும் கதைக்காமல் கிழமைகள் போனால் அது தெரிவுப் பிரச்சினை இல்லை. மாணவர் ஆலோசகரிடம் போங்கள், அவர்கள் இருப்பது இதற்காகத்தான். அறைத் தோழிகள் இதைக் கவனித்தால் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போகச் சொல்லாதீர்கள்.

விடுமுறையில் வீட்டில் மைதானம் இல்லை. என்ன செய்வது?

பட்டினத்தில் இருப்பவர்களுக்கு 2016 இல் புதுப்பித்துத் திறந்த துரையப்பா விளையாட்டரங்கு இருக்கிறது. காரைநகர்ப் பிள்ளைகள் கசூரினாக் கரையில் ஓடலாம், ஈரமணலில் மட்டும். வடமராட்சிக்காரருக்கு மணற்காட்டு மணல்மேடுகள் கடவுள் கொடுத்த பழுக்கூடம். கிழமைக்கு இரண்டு நாள், பத்து ஏற்றம், இறக்கத்தில் நடை. கணுக்கால் பழகாதவர்கள் ஐந்தோடு நிறுத்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் வெளியே கால் வைக்க முடியாது. மாடிப்படியும் கயிறும் போதும். பெருமழை பெய்த அடுத்த நாள் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் ஓடாதீர்கள், கிடங்கு தெரியாது. போன மாரியில் ஒரு தங்கச்சி கணுக்காலைப் பிரட்டிக்கொண்டது அப்படித்தான். தை மாதம்தான் திரும்பி வந்தாள், முதல் நாள் மைதானத்தைச் சுற்றி நடந்தாள், இரண்டு சுற்று.